கிருபைவிளையில் தேரி எழுந்து நின்றது

கிருபைவிளைக்கு மேற்கே கிடந்த தேரி, காற்று காலங்காலமாய்க் கொண்டுவந்து குவித்த அந்தச் செம்மணல் மலை, ஒரு திங்கட்கிழமை காலையில், ஊர் பல் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், படுத்துக் கிடந்த மாடு எழுந்திருப்பதுபோல முதலில் பின்பக்கத்தைத் தூக்கி, அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி, எழுந்து நின்றது. நின்றதோடு விட்டதா என்றால் இல்லை; தன்மேல் வளர்ந்திருந்த பனைமரங்களையும் கொல்லாமரங்களையும் உடைமுள் காட்டையும் அப்படியே சுமந்துகொண்டு கிழக்கே சாய்ந்து, கோயில் சிலுவைக்கும் மேலாக, ஓட்டுக் கூரைகளுக்கும் மேலாகக் கவிந்து, ஒரு பொடி மணல்கூட உதிராமல் அந்தரத்தில் நின்றுகொண்டது. வாயில் நுரையோடு அண்ணாந்து பார்த்தவர்கள் துப்ப மறந்து விழுங்கினார்கள். பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், வாயைக் கொப்பளித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள். ஏனென்றால் தேரி எழும்பும் என்று முந்தின நாளே கோயிலில் சொல்லியாகிவிட்டது.

சொன்னவள் தங்கக்கனி. முருங்கைக்காய் கட்டிச் சந்தைக்கு அனுப்பிப் பிழைத்தவள், புருஷனை மஞ்சள்காமாலைக்குக் கொடுத்தவள், அவள் வாய்க்கு ஊரே பயப்படும். அந்த வாயிலிருந்து கர்த்தருடைய வார்த்தை வரும் என்று ஊர் எதிர்பார்க்கவில்லை, அவளும்தான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஏன் வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

முந்தின ஐப்பசியில் அசனம் நடந்தது. அசனம் என்றால் கோயில் விருந்து. ஊர்கூடிச் சமைத்து, ஊர்கூடி உட்கார்ந்து, இருக்கிறவன் இல்லாதவன் பார்க்காமல் ஒரே பந்தியில் ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிடும் திருநாள். அந்தப் பந்திக்கு ஒரு சட்டம் உண்டு. கடைசி ஆள் இலையிலிருந்து கையை எடுக்கும்வரை ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது. பாதியில் எழுந்தால் பக்கத்து இலைக்காரனைக் காறித் துப்பியதற்குச் சமம், அப்படி எழுந்ததால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் இன்னும் அந்த ஊரில் இருக்கின்றன. அந்த வருஷம் மழை பொய்த்து, கை கழுவக்கூடத் தண்ணீர் போதாது என்று ஆனபோது, தேரியடியில் இருந்த கோயில் கிணற்றில் மணலை வாரி ஊற்றுக்கண்ணைத் திறந்துவிட இறங்கினான் தங்கக்கனியின் ஒரே மகன் எபனேசர், ஊருக்கு எபி. "நீங்க பந்தியைத் தொடங்குங்க, கை கழுவ வாரதுக்குள்ள தண்ணி வந்துரும்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினான். பந்தி தொடங்கியது, கிணற்றுக்குள் தேரி சரிந்தது.

மேலே நின்று மணல்கூடையை வாங்கிக்கொண்டிருந்தவள் தங்கக்கனி. முடிந்தமட்டும் கையால் தோண்டிப் பார்த்துவிட்டு, கோயிலுக்கு ஓடிப் பந்தியின் தலைமாட்டில் நின்று கத்தினாள். தொண்டை அடைத்துப் போயிருந்தது. "எந்திரிங்க! எந்திரிங்கய்யா!" என்றுதான் கேட்டது என்று ஊர் சாதித்தது. அதற்கு முந்தின அசனத்தில் தன் வரிசைக்குக் கறி வரவில்லை என்று இவள் இதே இடத்தில் நின்று கமிட்டிக்காரர்களின் ஏழு தலைமுறையை இழுத்தவள்தானே, அதுதான் இதுவும் என்று நினைத்தார்களாம். பந்தி நடத்திக்கொண்டிருந்த கோயில் கமிட்டித் தலைவர் மாசிலாமணி, கையில் கரண்டியோடு, "யாரும் எந்திரிக்காதீங்க, பந்தி முடியட்டும்" என்றார். பந்தி மோர்வரைக்கும் போய் முடிந்தது. அப்புறம்தான் போனார்கள். எபியை வெளியே எடுத்தபோது உடம்பில் சூடு இருந்ததாக எடுத்தவர்களே சொன்னார்கள், பிறகு அப்படிச் சொல்லவே இல்லை என்றார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருத்தர் விடாமல் "கர்த்தர் சித்தம்" என்றார்கள். அவர் அனுமதி இல்லாமல் ஒரு மணல் அசையுமா என்றார்கள். தங்கக்கனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப கரண்டியப் புடிச்சிருந்தது கர்த்தரா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

பிறகு அவள் ஊரோடு பேசுவதை விட்டாள். ஆனால் ராத்திரி பகல் அவளை அரித்தது ஊர் இல்லை. 'கிணறு' என்ற வார்த்தையை அன்றைக்குத் தான் சொன்னோமா சொல்லவில்லையா என்பதுதான் அரித்தது. சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது. ஒரு வார்த்தை வாயில் வந்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பானே, நாம்தான் கொன்றுவிட்டோமோ என்று முருங்கைக்காயைக் கட்டும்போது நினைப்பாள், கட்டை அவிழ்க்கும்போதும் நினைப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஆராதனை முடிந்து, கல்யாண அறிவிப்பு எல்லாம் வாசித்தாகி, ஜனங்கள் செருப்பை நினைக்கத் தொடங்கிய நேரத்தில், விக்கல் வருவதுபோல அடிவயிற்றிலிருந்து ஒன்று அவளுக்கு ஏறி வந்தது. எழுந்து நின்றாள். "தேரி எந்திரிக்கும். எந்திரிச்சு வந்து இந்த ஊரை மூடும்" என்று அவள் குரலிலேயே, ஆனால் அவள் யோசிக்காமலே, வார்த்தை வந்தது. எபி போன நாளிலிருந்து அவள் நெஞ்சில் கிடந்த கல் அந்த நிமிஷம் இறங்கிப் போனது, அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அதன் பின்னாலேயே இன்னொரு சின்ன வார்த்தை ஏறி வந்தது. அது இன்னதென்று நாக்குக்கு வருமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது: ஒருவேளை. ஒருவேளை நீங்கள் திரும்பினால் ஒருவேளை நானும் திரும்புவேன் என்பதில் உள்ள ஒருவேளை. அடப்பாவி கர்த்தரே, இவ்வளவும் சொல்ல வைத்துவிட்டுக் கடைசியில் பின்வாசலைத் திறந்து வைக்கிறீரா என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பல்லைக் கடித்தாள். 'ஒரு' முன்னமே வெளியே போய்விட்டது. மிச்சத்தை மூச்சைப் பிடித்து அடக்கினாள், அது அடங்காமல் முண்டிக்கொண்டு "வேளை" என்று தனியாய் வெளியே விழுந்தது. உட்கார்ந்துகொண்டாள்.

ஆகவே ஊர் கேட்டது, 'ஒரு வேளை'.

தேரி எழுந்து நின்றபின் கமிட்டி கூடியது. ஒரு வேளை என்றால் எந்த வேளை? ஒரு வேளைச் சோற்றை விட வேண்டுமா, ஒரு வேளைதான் சோறு தின்ன வேண்டுமா? தேரி கோயில் சிலுவைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்க, கீழே இதைப் பற்றிக் காரசாரமாய் வாதம் நடந்தது. கடைசியில் மத்தியானச் சோற்றை ஊரோடு விட்டுவிடுவது, பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் விலக்கு என்று தீர்மானம் ஆயிற்று. மாசிலாமணி சர்க்கரை வியாதிக்காரர், அவருக்கும் விலக்கு கொடுத்தார்கள். அவர் வேண்டாம் என்றார்.

மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான்? மலை தலைக்குமேல் நின்ற முதல் வாரம் குழந்தைகளைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தார்கள், அடுத்த வாரம் வெளியில் கொசு குறைவு என்று எல்லாருமே முற்றத்தில் படுத்தார்கள். பங்குனி வெயில் ஊருக்குள் வரவே இல்லை. மின்விசிறியை நிறுத்தினார்கள். வற்றல் காயப்போட மட்டும் பெண்கள் பக்கத்து ஊருக்குப் போகவேண்டியிருந்தது. பனையேறி தாசன், மரங்கள் எல்லாம் படுக்கைவசமாகிவிட்டதால், ஏறவேண்டிய அவசியமில்லாமல் பனையின்மேல் வரப்பில் நடப்பதுபோல நடந்துபோய்ப் பதனீர்க் கலயத்தை அவிழ்த்துக்கொண்டு வந்தான். கலயத்தில் பதனீர் எப்படிச் சாயாமல் இருக்கிறது என்று கேட்டால், "அது மலைக்குத் தெரியும், எனக்கு எதுக்கு" என்பான். சரிவில் மயில்கள் சுவரில் பல்லி நடப்பதுபோல நடந்தன. பஸ் கண்டக்டர் 'நிழல் ஸ்டாப்' என்று கூப்பிட ஆரம்பித்தார். ஓர் ஆபீஸிலிருந்து ஜீப்பில் வந்து பார்த்தவர்கள், தரையில் கிடந்தால் எங்களுடையது, ஆகாயத்தில் நிற்பது எங்கள் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு கட்டு முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மத்தியானப் பட்டினியும் அப்படித்தான் ஊரோடு ஒட்டிக்கொண்டது. வடை சோறு ஆகாது என்றார்கள், ஒத்துக்கொண்டார்கள். புட்டு பலகாரம்தானே என்றார்கள், அதையும் ஒத்துக்கொண்டார்கள். மலையின் விளிம்பு சில நாள் கொஞ்சம் மேலே ஏறினதுபோலத் தெரியும், அன்றைக்கு ஊர் யோக்கியமாய் இருந்தது என்பார்கள். சில நாள் கொஞ்சம் இறங்கினதுபோலத் தெரியும், எவனோ திருட்டுத்தனமாய்ச் சோறு தின்றிருக்கிறான் என்று அடுக்களை அடுக்களையாய் மூக்கை நீட்டுவார்கள். டீக்கடை சுவிசேஷமுத்துவுக்கும் பனையேறி தாசனுக்கும் இதே பேச்சுதான்.

"சொன்ன சொல்ல மாத்துதவரு என்ன கடவுளுவே?" என்பார் சுவிசேஷமுத்து.

"மாத்தவே முடியலைன்னா அவரு கடவுளா, கல்வெட்டா?" என்பான் தாசன்.

அந்தப் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்பார்கள். பல ஊர்ச் சபைகளைப் பார்க்கிற டைட்டஸ் ஐயர் ஸ்கூட்டரில் வந்து, மலையை அண்ணாந்து பார்த்து, வண்டியை நிழலில் நிறுத்திவிட்டுப் பிரசங்கம் செய்தார். அந்தக் காலத்துத் தீர்க்கதரிசிகள் அழிவு வரும் என்று ஒரு நிபந்தனையும் இல்லாமல் சொல்லியிருக்கிறார்கள், ஜனங்கள் சாம்பலில் உட்கார்ந்து அழ, சொல்லச் சொன்ன கர்த்தர் மனம் இரங்கி அதைச் செய்யாமல் விட்டிருக்கிறார். வேறு சமயம் அழுதும் விடவில்லை என்றார். "ஏன் ஐயரே அப்படி?" என்று முன்வரிசையில் ஒருத்தர் கேட்டார். "அவரு கர்த்தர், நாம கமிட்டி. கமிட்டிக்குத் தீர்மானப் புத்தகம் உண்டு, அவருக்குக் கிடையாது" என்றார் ஐயர். ஜனங்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, ஐயருக்கும் மத்தியானம் சோறு கிடையாது என்று சொல்லிப் புட்டும் பழமும் கொடுத்து அனுப்பினார்கள்.

இதையெல்லாம் தங்கக்கனி வேலிக்குள் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் தப்பாய்க் கேட்டதை முதல் நாளே அறிந்துகொண்டாள். ஒரு சொல் சொன்னால் போதும், ஒரு வேளையும் இல்லை மண்ணும் இல்லை, வெறும் ஒருவேளைதான் என்று. ஆனால் அவள் சொல்லவில்லை. கிடக்கட்டும், வடையைத் தின்றுகொண்டு மனந்திரும்பட்டும், மலை ஒரு நாள் பொத்தென்று விழட்டும் என்று காத்திருந்தாள். ஊரே பட்டினி கிடக்கிற மத்தியானத்தில் அவள் மட்டும் உலை வைத்தாள், கருவாட்டுக் குழம்பு வைத்துத் தாளித்தாள், அந்த வாசம் தெருத்தெருவாய்ப் போய் ஜனங்களின் குடலைச் சுருட்டியது. தட்டில் போட்டு உட்காருவாள். இரண்டு வாய்க்குமேல் இறங்காது. மிச்சத்தைக் கோழிக்கு வைப்பாள்.

சித்திரை பிறந்து ஒரு சாயங்காலம் மாசிலாமணி வந்து வேலிக்கு வெளியே நின்றார். சட்டை தொளதொளவென்று தொங்கியது, மத்தியானச் சோற்றை உண்மையாகவே விட்ட சிலரில் அவரும் ஒருத்தர். தங்கக்கனி காயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"தங்கக்கனி."

"வாரும் அண்ணாச்சின்னு சொல்ல மாட்டேன். நின்னுக்கிட்டே சொல்லும்."

"நீ கோயில்ல ஒரு வேளைன்னு சொன்னது எதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அவள் கை நின்றது.

"அன்னைக்கு நீ வந்து நின்னப்ப, நான் பக்கத்துல எலை போட்டவன்கிட்ட ஒரு சொல் சொன்னேன். வருசத்துல ஒரு வேளைச் சோறு, இதையும் நிம்மதியாத் திங்க விடமாட்டாளான்னு. அந்தச் சொல்லத்தான் கர்த்தர் உன் வாயில வச்சு என் மூஞ்சியில எறிஞ்சாரு. ஊருக்கு அது தெரியாது, மத்தியானச் சோறுன்னு நெனச்சிட்டாவ." வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார். "இன்னொண்ணு இருக்கு. நீ வெறுமனே எந்திரிங்கன்னு மட்டும் கத்தல. ஒரு தடவ கிணறுன்னு சொன்ன. கிணறு, எம் பிள்ளன்னு சொன்ன. எனக்குக் கேட்டுது. கேட்டுட்டுத்தான் யாரும் எந்திரிக்காதீங்கன்னு சொன்னேன். பந்தியக் கெடுக்கதுக்குப் பொய் சொல்லுதாள்னு நெனச்சேன். அப்புறம் இத்தன மாசமா கேக்கலைன்னு சொல்லிக்கிட்டு அலையுதேன்."

தங்கக்கனி முருங்கைக்கட்டின்மேல் அப்படியே சாய்ந்துவிட்டாள். சொல்லியிருக்கிறாள். அவள் வாய் சொல்லியிருக்கிறது. இத்தனை மாதம் தன்னையே கொலைகாரி என்று நினைத்துச் செத்துக்கொண்டிருந்தவளுக்கு அழுகை வந்தது பாருங்கள், பிணத்தருகில்கூட அப்படி அழுததில்லை.

"மலைய எடுக்கச் சொல்லிக் கேட்டு வரல தங்கக்கனி. விழட்டும். அது நியாயந்தான். விழுகதுக்கு முன்னால உங்கிட்டச் சொல்லிறணும்னு வந்தேன்."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தன் மகனுக்காக எழுந்து நிற்கிற மலையை இந்த மனுஷன் தன் சோற்றுப் பேச்சுக்காக வந்தது என்கிறானே என்று பொறுக்கவில்லை.

"உம்ம சோத்துக்காவா கர்த்தரு இறங்கி வந்தாரு? போவும்வே! அது ஒரு வேளையும் இல்ல, ரெண்டு வேளையும் இல்ல. ஒருவேளை! ஒருவேளை மூடும், ஒருவேளை மூடாது. அதைத்தான் சொல்லச் சொன்னாரு. நாந்தான் பல்லக் கடிச்சேன். நீங்க தப்பாக் கேட்டீய, கேக்கட்டும்னு நானும் விட்டுட்டேன்."

மாசிலாமணி வேலிக் கம்பை விட்டார்.

"அப்ப நிச்சயம் இல்லையா?"

"இல்ல."

"என்ன செஞ்சாலும்?"

"என்ன செஞ்சாலும் அவரு இஷ்டம்."

"அப்ப நல்லதுதான்" என்றார் மாசிலாமணி. "பலன் பாக்காம சும்மாவே வந்து சொல்லலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் அவர் எழுந்து இரண்டையும் சொன்னார். தான் கேட்டுவிட்டுக் கேட்காததாய் இருந்ததையும் சொன்னார், ஒரு வேளை ஒருவேளையானதையும் சொன்னார். முதலாவதற்கு ஊர் தலையைக் குனிந்தது. இரண்டாவதற்குக் கொதித்து எழுந்தது. ஒரு உத்தரவாதமும் இல்லாததற்கா இத்தனை நாள் வயிற்றைக் காயப்போட்டோம்? அன்று மத்தியானமே எல்லா அடுப்பும் எரிந்தது, ஊர் வயிறு முட்டத் தின்றது, தின்றுவிட்டு அண்ணாந்து பார்த்தது. மலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதுதான் ஜனங்களுக்கு உண்மையான பயத்தைக் கொடுத்தது. எழுந்து நின்ற அன்றைக்குக்கூட வராத பயம் அது. சில குடும்பங்கள் மூட்டை கட்டி 'நிழல் ஸ்டாப்'பில் பஸ் ஏறின.

போகாதவர்களில் சிலர் தங்கக்கனி வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். கூட்டமாய் வரவில்லை, கமிட்டியாய் வரவில்லை, ஒவ்வொருத்தராய் வேறு வேலையாய்ப் போவதுபோல வந்து வேலியோரம் நின்றார்கள். சுவிசேஷமுத்து வந்தார்: "நீ கத்திக்கிட்டு நிக்கும்போது நான் இன்னும் கொஞ்சம் மோரு ஊத்துன்னேன் தங்கம். ருசியா இருந்துது. அதை மறக்க முடியல." பக்கத்து வீட்டு ரஞ்சிதம் வந்தாள்: "எங்க வீட்டுக்காரரு பாதி எந்திரிச்சாரு மைனி. நாந்தான் வேட்டியப் புடிச்சு இழுத்து உக்கார வச்சேன். நமக்கு எதுக்கு ஊர் வம்புன்னு." ஒருத்தர் வந்து, "கர்த்தருடைய..." என்று தொடங்கினார். "அந்தச் சொல்லச் சொல்லதா இருந்தா நடையக் கட்டும்" என்றாள் தங்கக்கனி. அவர் நடையைக் கட்டினார், மறுநாள் வந்து வேறு சொல்லால் சொன்னார்.

யாருக்கும் அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். கேட்கக் கேட்க ஆறும் என்று பார்த்தால் ஆறவில்லை. முன்னால் ஊர் என்று மொத்தமாய் ஒன்றை வெறுத்துவிட்டுப் போகலாம், இப்போது மோர் கேட்டவரைத் தனியாய், வேட்டியை இழுத்தவளைத் தனியாய் வெறுக்கவேண்டியிருந்தது, அது பெரிய வேலையாய் இருந்தது.

வராதவர்களும் இருந்தார்கள். அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள்.

வைகாசியில் ஒரு புதன்கிழமை, ஒருத்தரும் ஜெபம் செய்யாத, ஒருத்தரும் பட்டினி கிடக்காத, ஒருத்தரும் அண்ணாந்துகூடப் பார்க்காத நேரத்தில், தேரி திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. ஊருக்குள் திடீரென்று வெயில் அடித்ததால்தான் தெரிந்தது. வெளியே ஓடி வந்து பார்த்தால் மேற்கே பழைய இடத்தில், பழையபடி, பனைகள் நட்டுக்குத்தலாய் நிற்க, அது பாட்டுக்குக் கிடந்தது. மாசிலாமணி சொன்னதால் போனது என்று சிலர் சொன்னார்கள், நாங்கள் முதலில் இருந்த பட்டினிதான் மெதுவாய் வேலை செய்தது என்று சிலர் சொன்னார்கள், வராதவர்கள் எங்களால்தான் என்று சொல்லவில்லையே தவிர முகத்தில் அது தெரிந்தது. டைட்டஸ் ஐயரைக் கேட்டார்கள். அவர் வாயைத் திறந்தார், எனக்குத் தெரியாது என்றார். அவர் செய்ததிலேயே நல்ல பிரசங்கம் அதுதான் என்று பனையேறி தாசன் இன்றைக்கும் சொல்வான்.

நன்றி செலுத்த ஓர் அசனம் வைத்தார்கள். தங்கக்கனியைக் கூப்பிட மாசிலாமணியும் ரஞ்சிதமும் வந்தார்கள். அவள் வரவில்லை என்றாள். அவர்கள் வற்புறுத்தவில்லை.

கோயில் முற்றத்தில் பந்தி போட்டு, ஐயர் ஜெபித்து, சோறு விழுந்து, குழம்பு விழுந்து, ஊர் முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்த நேரத்தில், தேரியின் உச்சியிலிருந்து சத்தம் கேட்டது. தங்கக்கனி அங்கே ஏறிப்போய் நின்றுகொண்டிருந்தாள். ஊரைப் பார்த்து இல்லை, ஆகாயத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"நீரு மன்னிச்சீரு! சரி! உம்ம இஷ்டம், நீரு கடவுள், உம்மள யாரு கேக்க முடியும்? ஆனா என்னக் கேட்டீரா? ஒரு வார்த்த கேட்டீரா? எம் பிள்ளையக் கேட்டீரா? செத்தது உம்ம பிள்ளையா எம் பிள்ளையா? என் வாயால சொல்ல வச்சீரு, ஊரு முன்னால என்ன நிக்க வச்சீரு, மலையக் கொண்டாந்து காட்டுனீரு, காட்டிட்டு எடுத்துட்டீரே! இவ்வளவு எரக்கம் இருக்கவரு அன்னைக்கு எங்க போனீரு? ஊர் மேல நின்ன மண்ணப் புடிச்சு நிறுத்துனீரே, கிணத்துல சரிஞ்ச மண்ணப் புடிக்க உமக்குக் கை இல்லையா? சொல்லும்! வாயத் தொறந்து சொல்லும்!"

காற்று அடித்தது, மணல் பறந்தது, அவள் கண்ணில் விழுந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் கேட்டாள்.

கீழே பந்தியில் கைகள் நின்றன. யார் முதலில் எழுந்தது என்பதற்குப் பின்னால் பெரிய சண்டையே நடந்தது, அது இப்போது வேண்டாம். ஆனால் ஒருத்தர் எழுந்தார், பக்கத்தில் இருந்தவர் எழுந்தார், அப்புறம் வரிசை வரிசையாய்ப் பந்தி முழுக்க எழுந்துவிட்டது. கிருபைவிளை உண்டான நாளிலிருந்து பாதிச் சாப்பாட்டில் ஒரு பந்தி எழுந்ததில்லை. தங்கக்கனியின் வேலிக்குப் போகாதவர்களும் எழுந்தார்கள். கழுவாத கையோடு, குழம்பும் சோறும் ஒட்டின கையோடு, தேரியடிக்கு நடந்து போய், கிணறு தூர்ந்து கிடந்த இடத்தில் நின்றார்கள். மேலே ஏறி அவளைப் பிடித்துக் கூட்டி வரவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. போதும் தங்கம் என்று யாரும் சொல்லவில்லை. அவள் கேட்டு முடிக்கும்வரை வெயிலில் நின்றார்கள்.

வெகுநேரம் ஆயிற்று. குரல் உடைந்து காற்றாய்ப் போனபின் அவள் மணலில் சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்தாள். வந்தவள்தான் அவர்களைக் கண்டாள். இத்தனை பேரும் வலது கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், விரலில் சோறு காய்ந்து வெள்ளையாய் ஒட்டியிருந்தது. மாசிலாமணி கூட்டத்தின் நடுவில் நின்றார்.

"கை காயுது" என்றாள் தங்கக்கனி. சத்தமே வரவில்லை. "போய்ச் சாப்பிடுங்க."

ஒருத்தரும் அசையவில்லை. பெரியவர்கள் அசையாததால் பிள்ளைகளும் அசையவில்லை. இவர்கள் இப்படியே நிற்கப்போகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. என்ன ஜனங்கள் இவர்கள், உட்காரச் சொன்னால் எழுந்திருக்கமாட்டார்கள், எழுந்தால் உட்காரமாட்டார்கள் என்று எரிச்சலாய் வந்தது. சேலையில் ஒட்டின மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு அவர்களைத் தாண்டிக் கோயிலைப் பார்த்து நடந்தாள். பின்னால் ஊர் வந்தது.

பந்தியின் கடைசியில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். ரஞ்சிதம் அவள் முன்னால் ஓர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். சோறு வந்தது, குழம்பு வந்தது, மோர் வந்தது. தங்கக்கனி எதையும் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, ஆறிப்போன சோற்றை ஊர் மென்று விழுங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பல்லில்லாத ஒரு கிழவர் கடைசி வரிசையில் வெகுநேரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் இலையிலிருந்து கையை எடுக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.